என்ன அவசரம்?

எங்கள் குடியிருப்பில் மொத்தம் இருபத்திரண்டு வீடுகள். ஒன்பது வீட்டில் மின்சாரக் கார் இருக்கிறது. கார் நிறுத்துமிடத்தின் தெற்குச் சுவரில் வரிசையாக ஒன்பது சார்ஜர்கள். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு சின்ன விளக்கு. கார் சும்மா காத்திருந்தால் விளக்கு மினுக்கும். சார்ஜ் ஏறும்போது பச்சையாக நிற்கும். யாராவது பொறுக்க முடியாமல் ‘இப்பவே’ பொத்தானை அழுத்தியிருந்தால் சிவப்பாக எரியும்.

அந்தச் சிவப்பு விளக்கைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். அதற்கு முன் ஏற்பாட்டைச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் என் தப்பு எந்த இடத்தில் என்று விளங்காது.

நான் மின்சார அலுவலகத்தில் முப்பத்தோரு வருஷம் சுமைப் பதிவேடு எழுதியவன். அரை மணிக்கு ஒரு தரம், காற்றிலிருந்து எவ்வளவு, வெயிலிலிருந்து எவ்வளவு, அணையிலிருந்து எவ்வளவு, நிலக்கரியிலிருந்து எவ்வளவு என்று நான்கு கட்டத்தில் எழுத வேண்டும். கடைசி ஏழெட்டு வருஷங்களில் ஒன்று கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. உச்சிவெயிலில் சோலார் தகடுகள் தருகிற மின்சாரத்தை வாங்கிக்கொள்ள ஆள் இருக்காது. நிறுத்தி வையுங்கள் என்று காற்றாலைக்காரர்களுக்கு ஃபோன் போகும். அதே ஊர் ஜனம் சாயங்காலம் வீடு திரும்பி, விளக்கைப் போட்டு, ஏசியைப் போட்டு, காரையும் சார்ஜரில் சொருகியதும், கரி உலைகளை மூச்சு முட்ட ஓட்டுவோம். மத்தியானம் கீழே கொட்டியதைச் சாயங்காலம் கடன் கேட்கிற கதை. காருக்கு என்ன தெரியும்? பன்னிரண்டு மணிக்கு ஏற்றினாலும் ஓடும், ஏழு மணிக்கு ஏற்றினாலும் ஓடும்.

ஓய்வு பெற்று வந்ததும் குடியிருப்புச் சங்கத்துக்கு என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். நான் செய்த முதல் வேலை இதுதான். வந்ததும் காரைச் சொருகிவிட வேண்டும், அது காத்திருக்கும். வெயிலோ காற்றோ மிச்சப்படுகிற சமயத்தில் மின்சார அலுவலகத்திலிருந்து குறிப்பு வரும்; தானாக ஏறத் தொடங்கும். அதற்குப் ‘பச்சை நேரம்’ என்று பெயர் வைத்தேன். பெரும்பாலும் காலை பதினொன்றிலிருந்து மூன்றரை வரை. காற்றுக் காலத்தில் விடிகாலையிலும் வரும். அவசரம் யாருக்கும் வரலாம் என்று, அந்த ‘இப்பவே’ பொத்தானை வைக்கச் சொன்னவனும் நானேதான்.

இதுவரைக்கும் ஒரு குறையும் இல்லை. இன்றைக்குக் கேட்டாலும் இதையேதான் சொல்வேன்.

இதற்குமேல் இரண்டு காரியம் செய்தேன். யாராவது ‘இப்பவே’ அழுத்தினால் செயலாளர் என்ற முறையில் என் ஃபோனுக்கு ஒரு மணி அடிக்கும்படி செய்துகொண்டேன். மாதக் கடைசியில், எந்த வீட்டில் எத்தனை தடவை அழுத்தினார்கள் என்று ஒரு தாளில் கட்டம் போட்டு எழுதி லிஃப்ட் பக்கத்தில் ஒட்டினேன். மணி அடித்தால் கூப்பிட்டுக் கேட்பேன்: “என்ன அவசரம்?” அதட்டிக் கேட்க மாட்டேன். சிரித்துக்கொண்டுதான் கேட்பேன். உதவி ஏதாவது தேவையோ என்கிற அக்கறையும் அதில் இருந்தது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் மாடிப் பல் டாக்டருக்கு ‘இப்பவே டாக்டர்’ என்றே பெயர் விழுந்துவிட்டது. ஒரு மாதத்தில் ஒன்பது தடவை.

“செயலாளர் சார், நேத்து ரெண்டு தரம் அமுக்கிட்டேன். இப்பவே சொல்லிடறேன், என் பல்லைப் பிடுங்கிடாதீங்க” என்பார் லிஃப்டில்.

“என்ன அவசரம் டாக்டர்? பல்லு எங்க ஓடிடப் போகுது?”

“பல்லு ஓடாது சார். வலி வந்தவன் ஓடிடுவான், எதிர்த்த கிளினிக்குக்கு.”

லிஃப்டில் எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அவர் இரண்டாம் மாடியில் இறங்குகிற வேகத்தை நான் கவனித்ததில்லை.

அந்தத் தாளில் பதினான்கு மாதமாகப் பூஜ்யம் வாங்கிய ஒரே வீடு தரைத்தளத்தில் இருக்கும் என் அக்கா வீடு. பூஜ்யத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன இலை வரைந்து வைப்பேன். அக்கா தையல்காரி. முன்னறையில் இரண்டு மெஷின், ஒரு வெட்டு மேஜை, சுவரில் ஆணியடித்துத் தொங்கும் கத்தரிகள். பள்ளிக்கூடச் சீருடை தைத்துத் தன் பழைய காரில் தானே கொண்டுபோய்க் கொடுத்து வருவாள். அத்தான் போய்ப் பன்னிரண்டு வருஷம். எனக்கு ஏழு வயது மூத்தவள். ஆனால் எதற்கும் என் வாயைப் பார்ப்பாள். “தம்பி சொல்லிட்டான்” என்றால் அந்த வீட்டில் அதற்குமேல் பேச்சு கிடையாது.

அது அவள் மகளுக்குப் பிடிக்காது. பிடிக்காமல் போனதற்குக் காரணம் நான்.

ஆறு வருஷத்துக்கு முன் அந்தப் பெண்ணுக்கு வெகுதூரத்து நகரத்தில், பாலங்களைச் சோதித்துப் பார்க்கிற கம்பெனியில் வேலை கிடைத்தது. பத்து நாளில் சேர வேண்டும். அக்கா என்னிடம் வந்து கேட்டாள். நான் பேப்பரை மடித்துக்கூட வைக்காமல் சொன்னேன்: “என்ன அவசரம்? ரெண்டு மாசம் பொறு. இங்கேயே ஒண்ணு அமையும்.” அக்கா மகளின் சான்றிதழ்களை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். பத்து நாளும் வீட்டில் சண்டை. பத்தாம் நாள் கடந்த பிறகு சாவியைக் கொடுத்தாள். இங்கே ஒன்றும் அமையவில்லை. ஒரு வருஷம் கழித்து அதே கம்பெனியில், ஒரு படி கீழே, அவளாகவே வேலை தேடிக்கொண்டு போனாள். அப்புறம் வரவில்லை. மாதம் ஒரு ஃபோன், ஐந்து நிமிஷம். “அம்மா சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா, வெச்சிடறேன்.”

இனிச் சொல்லப் போவதில் பாதி எனக்கு ஒரு வாரம் கழித்துத்தான் தெரியும். ஆனாலும் நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

இருபத்து மூன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை, மாலை நாலு மணிக்கு அந்தப் பெண் அக்காவுக்கு ஃபோன் செய்திருக்கிறாள். வேலை விஷயமாக எங்கேயோ போகிறாள். நாளைக்கு ஜங்ஷனில் ரயில் மாற வேண்டும். ஒரு மணிக்கு இறங்கினால் அடுத்த ரயில் மூன்று ஐந்துக்கு.

“ரெண்டு மணி நேரம் சும்மாதாம்மா உக்காந்திருப்பேன். வரணும்னா வா. ஆனா நீ மட்டும் வா. மாமாகிட்ட சொல்லிட்டு, அவர் ஒண்ணு சொல்லி, அதைக் கேட்டுட்டு வராத.”

“வரேன்டி. நான் மட்டும் வரேன். ஏன் வரமாட்டேன்?”

ஆறு வருஷத்தில் முதல் தடவையாக ‘வா’ என்று சொல்லியிருக்கிறாள்.

ஜங்ஷன் எங்கள் ஊரிலிருந்து நூற்றைம்பது கிலோமீட்டர். அன்று பகல் முழுக்க அக்கா சீருடை கொடுக்க அலைந்திருந்தாள். பச்சை நேரத்தில் கார் வீட்டில் இல்லை. காரில் நாற்பத்தொரு சதவீதம்தான் இருந்தது. அறுபத்தைந்து சதவீதமாவது இல்லாமல் ஜங்ஷன் போய்ச் சேராது. ஐந்து நாற்பதுக்கு வந்து சொருகினாள். திரையில் ‘அடுத்த பச்சை நேரம்: விடிகாலை (காற்று இருந்தால்). இல்லையெனில் காலை 11.10’ என்று வந்தது. அவளோ ஒன்பதரைக்குள் கிளம்பியாக வேண்டும்.

‘இப்பவே’யைத் தொட்டாள். தொட்டால் திரை, ‘உறுதிதானா?’ என்று ஒரு கேள்வி கேட்கும். ஆம் என்றால் எனக்கு மணி அடிக்கும். மணி அடித்தால் நான் ஃபோன் செய்வேன். “என்னக்கா, நீயா? என்ன அவசரம்?” என்பேன். அக்காவுக்குப் பொய் வராது. வந்தாலும் என்னிடம் நிற்காது. மகளுக்குக் கொடுத்த வாக்கு அந்த இடத்திலேயே போய்விடும். ‘வேண்டாம்’ என்று மூடிவிட்டாள்.

ஆறரைக்கு மாடியேறி என் வீட்டுக்கு வந்தாள். நான் தொலைக்காட்சியில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தேன். என் மனைவி காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“தம்பி, விடியக்காலம் காத்து இருக்குமாடா?”

காற்றைப் பற்றி ஒருத்தர் என்னைக் கேட்டால் எனக்கு எத்தனை சந்தோஷம் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். எழுந்து போய்க் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, ஃபோனில் வரைபடத்தைத் திறந்து, விரலால் காட்டினேன். “இதோ பாரு. மூணு மணியிலேருந்து ஆறு மணி வரைக்கும் நல்ல காத்து. ஆறுக்கு மேலயும் விட்டு விட்டு வரும். பச்சை கண்டிப்பா உண்டு. நீ கவலையே படாத.”

“வரலன்னா?”

“வரும்க்கா. முப்பத்தோரு வருஷமா நான் பாக்காத காத்தா?”

“அதில்லடா. ஒருவேளை வரலன்னா…”

“வரலன்னா பதினோரு மணிக்கு வெயில் வந்துட்டுப் போகுது. என்ன அவசரம்?”

என் மனைவி நறுக்குவதை நிறுத்திவிட்டு அக்கா முகத்தைப் பார்த்தாள். நான் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“ஒண்ணுமில்ல. சும்மாதான் கேட்டேன்” என்று அக்கா இறங்கிப் போய்விட்டாள்.

‘எதுக்குக் கேக்கற அக்கா?’ என்று ஒரு வார்த்தை நான் கேட்கவில்லை. என்ன அவசரம் என்று கேட்கிற மனுஷனுக்கு அவசரம் என்ன என்று தெரிந்துகொள்ளத் தோன்றவே இல்லை.

எட்டேகாலுக்கு மறுபடி ஒரு தடவை பொத்தானைத் தொட்டு மூடியிருக்கிறாள்.

காற்று வந்தது, ஆனால் நான் சொன்ன மாதிரி வரவில்லை. நாலு இருபதுக்கு விளக்கு பச்சையானது. ஐந்து மணிக்கு அணைந்து மினுக்க ஆரம்பித்தது. நாற்பது நிமிஷம். நாற்பத்தொன்று ஐம்பத்திரண்டு ஆனது. ஆறரை மணிக்கு மூன்றாவது தடவை தொட்டாள். அப்போது அழுத்தியிருந்தால்கூட ஒன்பதரைக்குள் நிறைந்திருக்கும். ‘உறுதிதானா?’ என்றது திரை. மூடிவிட்டாள். “ஆறுக்கு மேலயும் விட்டு விட்டு வரும்” என்று தம்பி சொல்லியிருக்கிறானே என்று காத்திருந்தாள். அதற்குள் ஜங்ஷனுக்குப் போகிற பஸ்ஸும் போய்விட்டது.

ஒன்பது நாற்பதுக்குக் கிளம்பினாள். பின்சீட்டில் ஒரு துணிப்பை. அதில் மகளுக்குத் தைத்த இரண்டு சட்டைகள், ஒன்று நீலம், ஒன்று சாம்பல் நிறத்தில் கோடு போட்டது. இரண்டையும் போன வருஷமே தைத்து வைத்திருந்தாள். அளவு நோட்டில் மகள் பெயருக்கு நேரே இருந்த அளவு ஆறு வருஷப் பழசு.

ஏசி போடவில்லை. நாற்பதுக்கு மேல் வேகம் ஏற்றவில்லை. பின்னால் வந்தவர்கள் எல்லோரும் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டே போயிருக்கிறார்கள். தொண்ணூறாவது கிலோமீட்டரில் ஒரு பெட்ரோல் பங்கில் சார்ஜர் உண்டு. போய்ப் பார்த்தால் இரண்டில் ஒன்றின்மேல் ‘பழுது’ என்று காகிதம். மற்றதில் ஒரு சரக்கு வேன். அதற்கு அடுத்து இன்னொரு கார். அந்தக் காரின் டிரைவரிடம் போய், “கொஞ்சம் எனக்கு விட்டுத் தரமுடியுமா? என் பொண்ணு ஸ்டேஷன்ல காத்திருக்கா” என்று கேட்டாளாம்.

“எல்லாருக்கும் எங்கயோ யாரோ காத்திருக்காங்கம்மா” என்றானாம் அவன். கெட்டவன் இல்லை. உட்காருவதற்குத் தன் சீட்டைக் காட்டினானாம்.

அவள் முறை வந்தபோது ஒன்றே முக்கால். ஜங்ஷன் போய்ச் சேர்ந்தபோது மூன்று இருபது. நடைமேடையில் துப்புரவுக்காரர்கள் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

ரயிலிலிருந்து மகள் ஃபோன் செய்தாள். “என்னம்மா ஆச்சு? பாதி வழியில நிக்கறேன்னு மட்டும் சொன்ன. வண்டி ரிப்பேரா?”

“இல்லடி. சார்ஜ் இல்ல.”

“நேத்து நாலு மணிக்கே சொன்னேனேம்மா. சார்ஜ் போட மறந்துட்டியா?”

இந்த இடத்தில் அக்கா என்ன சொல்லியிருக்க முடியும்? சார்ஜ் போட்டேன், ஆனால் மாமா வைத்த ஏற்பாட்டில் அது ஏறவில்லை, பொத்தானை அழுத்தினால் மாமா கேட்பார் என்று அழுத்தவில்லை, காற்று வரும் என்று மாமா சொன்னார், அதை நம்பிக் காத்திருந்தேன் என்றா? ஆறு வருஷமாக அந்தப் பெண் எதைச் சொல்லிக்கொண்டிருக்கிறாளோ, அதையே அல்லவா திருப்பிச் சொன்ன மாதிரி ஆகியிருக்கும்?

“ஆமாடி. மறந்துட்டேன்” என்றாள் அக்கா.

“பரவால்லம்மா. பாத்துப் போ” என்றாளாம் மகள். திட்டியிருந்தால் தேவலை என்றாள் அக்கா என்னிடம்.

எனக்கு இதெல்லாம் தெரிந்தது முப்பதாம் தேதி. மாதக் கடைசித் தாள் எழுத உட்கார்ந்தேன். சார்ஜர்களின் பதிவேட்டைக் கணினியில் திறந்து வழக்கம்போல் ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்தேன். அழுத்தியதை மட்டுமல்ல, தொட்டு மூடியதையும் அது குறித்து வைக்கும். அதுவரை அந்த வரிகளை நான் லட்சியம் பண்ணியதில்லை. அக்காவின் எண்ணுக்கு நேரே மூன்று வரிகள். 23, மாலை 5.52: திறந்து மூடப்பட்டது. 23, இரவு 8.15: திறந்து மூடப்பட்டது. 24, காலை 6.31: திறந்து மூடப்பட்டது.

எனக்குச் சிரிப்பு வந்தது. அதைச் சொல்லவே கூசுகிறது. ஆனால் சிரித்துக்கொண்டுதான் படியிறங்கினேன். அக்கா மெஷினில் காலர் தைத்துக்கொண்டிருந்தாள்.

“என்ன பச்சை அக்கா, பதினாலு மாசப் பூஜ்யத்துக்கு ஆசை வந்துடுச்சா? மூணு தடவை கை வெச்சுட்டுக் கையை எடுத்திருக்க! என்ன அவசரம்?”

அக்கா மெஷினை நிறுத்தினாள். காலரை ஊசிக்கு அடியிலிருந்து எடுக்கவில்லை. சக்கரத்தின்மேல் கையை வைத்தபடி, என்னைப் பார்க்காமல், மேலே எழுதியது முழுவதையும் சொன்னாள். ஒரு தடவைகூடக் குரல் உயரவில்லை. சொல்லி முடித்ததும் காலரைத் தைத்து முடித்தாள். நூலைப் பல்லால் கடித்தாள்.

“ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லியிருக்கலாமேக்கா” என்றேன்.

“சொல்லாதன்னு அவ சொன்னா.”

“பேசாம பொத்தானை அழுத்தியிருக்கலாமே.”

“அழுத்தினா நீ கேப்ப.”

“கேட்டா என்னக்கா? நான் என்ன, கடிச்சுத் தின்னுடவா போறேன்?”

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். “நீ கடிக்க மாட்டடா. நல்லாத்தான் கேப்ப. எல்லாத்தையும் நல்லாத்தான் கேப்ப. அவ வேலைக்குக் கிளம்பினப்பவும் நல்லாத்தான் கேட்ட.”

நான் மேலே போய் மனைவியிடம் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை. “அன்னைக்கு அண்ணி முகத்தைப் பாத்தப்பவே ஏதோ இருக்குன்னு நெனச்சேன். நீங்கதான் காத்தைப் பாத்துட்டிருந்தீங்களே.”

“நீயாவது கேட்டிருக்கலாமில்ல?”

“கேட்டிருக்கணும். எனக்கும் அது உறுத்திக்கிட்டுத்தான் இருக்கு” என்றாள்.

அன்றைக்கே லிஃப்ட் பக்கத்துத் தாளைக் கிழித்தேன். ஃபோனில் மணி அடிப்பதை நிறுத்தினேன். அதற்கு இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. பிறகு மேஜையில் உட்கார்ந்து அக்கா மகளுக்கு ஒரு கடிதம் எழுதினேன். தேதி போட்டு, நேரம் போட்டு, பதிவேட்டின் அந்த மூன்று வரிகளையும் அச்செடுத்து இணைத்து, ‘உன் அம்மா மறக்கவில்லை. மூன்று தடவை கை வைத்திருக்கிறாள். தடுத்தது நான். முன்பு ஒரு தடவை தடுத்ததும் நான்’ என்று எழுதினேன். நாலு பக்கம் வந்தது. உறையில் போட்டுக்கொண்டு முகவரி கேட்க அக்காவிடம் போனேன்.

அக்கா உறையை வாங்கி, எடை பார்க்கிற மாதிரி கையில் வைத்திருந்தாள். பிரிக்கவில்லை.

“இதை அனுப்பினா என்னாகும் தெரியுமா? ‘அம்மா இன்னும் மாமா பேச்சைத்தான் கேக்கறா’ன்னு அவளுக்குக் கையெழுத்துப் போட்டுக் குடுத்த மாதிரி ஆகும்.”

“உன் மேல தப்பில்லன்னு தெரிய வேணாமா?”

“தப்பில்லையா? பொத்தான் உன் விரல்லயா இருந்துச்சு? என் விரல்லதான இருந்துச்சு.” உறையைத் திருப்பிக் கொடுத்தாள். “மறந்துட்டேன்னே இருக்கட்டும்டா. மறக்கற அம்மாவை மன்னிச்சுடலாம். வயசாச்சுன்னு நெனச்சுப்பா.”

அந்த உறை இப்போதும் என் மேஜை டிராயரில் இருக்கிறது.

மூன்றாம் தேதி. காலை ஆறேகாலுக்குப் பால் வாங்கக் கீழே இறங்கினேன். மேகம் மூடியிருந்தது. இலை அசையவில்லை. அப்படிப்பட்ட காலையில் ஊருக்கு மின்சாரம் எங்கிருந்து வரும் என்று எனக்கு மனப்பாடம். தெற்குச் சுவரில் எட்டு விளக்குகள் மினுக்கிக்கொண்டிருந்தன. ஒன்று சிவப்பாக எரிந்தது. கிட்டே போய்ப் பார்த்தேன். அக்காவுடையது.

என் ஃபோனில் மணி அடிக்கவில்லை. பாலை வாங்கிக்கொண்டு திரும்பும்போது அக்கா காரின் பின்கதவைத் திறந்து துணிப்பையை வைத்துக்கொண்டிருந்தாள். அதே பை. என்னைப் பார்த்ததும் கை அப்படியே நின்றது.

நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அறுபது வருஷப் பழக்கம், சும்மா போகுமா? பால் பாக்கெட்டை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டேன்.

“டயர்ல காத்து பாத்துட்டியா?” என்றேன்.

“பாத்துட்டேன்” என்றாள்.

நான் லிஃப்டுக்குப் போய்விட்டேன். அன்று அந்தக் காரில் ஏறிய மின்சாரம் பூராவும் கரியிலிருந்து வந்ததுதான். வரட்டும் என்று நினைத்தேன். அப்படி நான் நினைத்தது அதுவே முதல் தடவை.

எங்கே போகிறாள் என்பது பகலில் மனைவி சொல்லித்தான் தெரியும். அந்தப் பெண் திரும்புகிற நாள் அது. ஆனால் இந்தத் தடவை ரயில் மாற வேண்டாம், நேர் ரயில். ஜங்ஷனில் ஒன்று நாற்பதுக்கு வந்து நாலே நிமிஷம் நிற்கும். ‘அதுக்குப் போய் நீ வர வேணாம்மா, ரொம்ப தூரம்’ என்று மகள் சொல்லியிருக்கிறாள். வருகிறேன், வரவில்லை என்று அக்கா ஒன்றும் சொல்லவில்லையாம்.

ஐந்து மணிக்குக் கீழே போய், சங்கத்து அறிவிப்புப் பலகையைத் துடைக்கிற மாதிரி நின்றுகொண்டிருந்தேன். ஐந்தே காலுக்குக் கார் வந்தது. நான் முதலில் பார்த்தது பின்சீட்டைத்தான். பை அப்படியே இருந்தது. சட்டைகள் உள்ளே இருப்பது வெளியிலிருந்தே தெரிந்தது. இந்தத் தடவையும் ரயில் போய்விட்டதா என்று, துடைக்கிற துணியைக் கையிலேயே பிடித்துக்கொண்டு காரை நோக்கி நடந்தேன்.

அக்கா இறங்கினாள். காரைச் சொருகினாள். பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

“பாத்தியாக்கா?”

“பாத்தேன்.”

“அப்ப அது…” என்று பையைக் காட்டினேன்.

“தோள்ல ஒரு விரக்கடை பத்தல. இளைச்சிருப்பான்னு நெனச்சேன். பாலத்துல ஏறி எறங்கற வேலையில்லையா, நல்லாத் திரண்டிருக்கா. படியிலேயே நிக்க வெச்சு முதுகுல வெச்சுப் பாத்தேன். டீ விக்கறவன் ஒருத்தன், ‘ஏம்மா, ரயில் கிளம்பப் போகுது, இப்பப் போய் அளவெடுக்கறியே’ன்னு சிரிக்கறான். அவளும் சிரிச்சுட்டா.”

“வேற என்ன பேசினீங்க?”

“நாலு நிமிஷத்துல என்னடா பேசறது? அதுல ஒரு நிமிஷம் பெட்டியைத் தேடி ஓடினதுலயே போச்சு.” பையை மறு தோளுக்கு மாற்றினாள். “‘இந்தத் தடவ சார்ஜ் போட மறக்கல போல’ன்னா. ஆமாடின்னேன்.”

இரண்டு மணி நேரம் பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டியவர்கள். அந்த இரண்டு மணி நேரத்தை எந்தப் பச்சை நேரத்தில் நான் திருப்பிக் கொடுப்பது?

கேட்கக்கூடாது என்று நினைத்தும் கேட்டுவிட்டேன். “என்னைக் கேட்டாளா?”

“நாலு நிமிஷம்டா தம்பி. அதுல உன்னையும் கேக்கணுமா?” கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது அந்தக் குரலில்.

தாள் ஒட்டாமல் அதன் பிறகு ஒரு மாதம் போயிற்று. பழக்கதோஷத்தில் ஒரு நாள் மொத்தக் கணக்கை மட்டும் எடுத்துப் பார்த்தேன். ஒன்பது வீடும் சேர்ந்து ‘இப்பவே’ அழுத்தியது இருபத்தாறு தடவை. தாள் ஒட்டியிருந்த கடைசி மாதத்தில் இருபத்தைந்து. ஒரு தடவைதான் வித்தியாசம். அந்த ஒன்று யாருடையது என்று எனக்குத் தெரியும். மற்றவர்கள் எல்லோரும் விஷயம் புரிந்துதான் பொறுத்திருந்திருக்கிறார்கள். என் தாளுக்காக யாரும் பொறுக்கவில்லை, அக்காவைத் தவிர.

ஆனால் அது பின்னால் பார்த்தது. அன்று மாலை, அக்கா தன் கதவு வரை போய்விட்டுத் திரும்பினாள்.

“தம்பி, நாளைக்கு வெயில் இருக்குமாடா?”

கை தானாகச் சட்டைப் பையிலிருந்த ஃபோனுக்குப் போனது. பாதியில் நிறுத்தினேன்.

“எதுக்குக் கேக்கற அக்கா?” என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். பதில் சொல்லலாமா என்று யோசிக்கிற மாதிரி இருந்தது. பிறகு, “சும்மாதான்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

கதவு திறந்தே இருந்தது. வெட்டு மேஜைமேல் நீலச் சட்டையை உள்பக்கம் திருப்பிப் போட்டாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு தோள்பட்டைத் தையலைச் சின்னக் கத்தரியால் ஒவ்வொரு கண்ணாகப் பிரிக்கத் தொடங்கினாள்.

“பிரிச்சா துணி பத்துமாக்கா?” என்று வாசலில் நின்றே கேட்டேன்.

“பத்தும்” என்றாள், தலை நிமிராமல். “உள்ள துணி விட்டுத்தான் தெச்சிருக்கேன்.”

எனக்குப் பின்னால் தெற்குச் சுவரில் ஒன்பது விளக்குகளும் மினுக்கிக்கொண்டிருந்தன.